ஆட்டோஇம்யூன் கல்லீரல் நோய்: டாக்டர் உடம்பில் எதைத் தேடுகிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லீரல் ஓ.பி.யில் உட்காரும் எனக்கு ஒரே மாதிரி சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பாதி, நோயாளிகளும் கூட வருபவர்களும் கேட்பவை. மீதி, வார்டில் என்னோடு சுற்றி வரும் ஹவுஸ் சர்ஜன்கள் கேட்பவை. அவரவர் கேட்டபடியே கேள்வியை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பரிசோதனைக் கட்டிலில் கண்ணுக்கும் கைக்கும் தெரிபவை பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு. மருந்து, அளவு எல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்டோஇம்யூன் கல்லீரல் நோய்னா ஒரே நோயா, பல நோயா டாக்டர்?

முக்கியமாக மூன்று. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி கல்லீரல் செல்களையே தாக்கினால் அது ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ். கல்லீரலுக்குள் ஓடும் நுண்ணிய பித்தக் குழாய்களைத் தாக்கினால் பி.பி.சி., அதாவது பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ். பெரிய பித்தக் குழாய்களும் தழும்பாகி அங்கங்கே சுருங்கிப்போனால் பி.எஸ்.சி., அதாவது பிரைமரி ஸ்கிளிரோசிங் கோலாஞ்சைட்டிஸ். முதல் இரண்டும் பெண்களுக்கு அதிகம். பி.எஸ்.சி. ஆண்களுக்கு அதிகம்; அவர்களில் பலருக்குப் பெருங்குடல் புண் நோயும் சேர்ந்தே இருக்கும்.

பழைய ரிப்போர்ட்டில் 'பிரைமரி பிலியரி சிரோசிஸ்' என்று இருந்தால் பதற வேண்டாம். அது பி.பி.சி.யின் பழைய பெயர். சிரோசிஸ் என்றால் கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது. அது வராத பலரும் அந்தப் பெயரைச் சுமந்து பயந்துகொண்டிருந்தார்கள். 2015இல் பெயரை மாற்றினார்கள்.

உடம்பைப் பார்த்தே இந்த நோயைக் கண்டுபிடிச்சிடலாமா?

பெரும்பாலும் முடியாது. ஆரம்பத்தில் உடம்பு சுத்தமாக இருக்கும். கண் வெள்ளை, வயிறு மெத்து, கைக்கு எதுவும் தட்டுப்படாது. வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்கள் கூடியிருப்பது தெரிந்து வந்தவர்கள் நிறையப் பேர். 'டாக்டர் பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னார்' என்று அந்த ரிப்போர்ட்டை அலமாரியில் வைத்துவிட்டு மூன்று வருடம் கழித்து வயிறு வீங்கி வருபவர்களைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. கைக்கு எதுவும் தெரியவில்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

நோயின் பெயரை உறுதி செய்பவை ரத்தத்தில் ஏ.என்.ஏ., ஏ.எம்.ஏ. போன்ற ஆன்டிபாடிகள், ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவு, தேவைப்பட்டால் பயாப்ஸி, அதாவது கல்லீரலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது. பி.எஸ்.சி.க்கு எம்.ஆர்.ஐ.யில் பித்தக் குழாய்களைப் பார்க்க வேண்டும். உடல் பரிசோதனை சொல்வது வேறு: நோய் எதுவரை வந்துவிட்டது, கூடவே வேறென்ன இருக்கிறது என்று. ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் கண்டுபிடிக்கப்படும்போதே சுமார் மூன்றில் ஒருவருக்கு சிரோசிஸ் இருக்கிறது. அதைப் பல நேரம் முதலில் சொல்வது கைதான்.

கண்ணு மஞ்சளா இருக்கான்னு வீட்லயே எப்படிப் பாக்குறது?

ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட், மஞ்சள் பல்பு இரண்டும் ஏமாற்றும். பிலிருபின் என்ற பித்த நிறமி ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 1 மி.கி. வரை இருப்பது இயல்பு, 2.5 அல்லது 3 தாண்டினால்தான் கண்ணில் மஞ்சள் தெளிவாகத் தெரியும். அதனால் 'கண்ணு வெள்ளையா இருக்கு' என்பதால் பிலிருபின் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

நம் ஊர் நிறத்துக்கு ஒரு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாநிறத்தவருக்கும் கறுத்தவர்களுக்கும் கண் வெள்ளையில், கருவிழிக்குப் பக்கத்தில், இயல்பாகவே பழுப்பான திட்டுகள் இருக்கும். அதைக் காமாலை என்று நினைத்து ஓடி வருகிறார்கள். கீழ் இமையை மெல்ல இழுத்து, மேலே பார்க்கச் சொல்லி, இமைக்குள் மறைந்திருக்கும் பகுதியைப் பாருங்கள். காமாலை என்றால் அங்கேயும் ஒரே சீராக மஞ்சள் இருக்கும். பழுப்புத் திட்டு வெளியே தெரியும் இடத்தோடு நின்றுவிடும். நாக்குக்கு அடியிலும் பார்க்கலாம்.

மஞ்சள் பூசிக் குளிப்பவர்களுக்கு முகமும், கேரட், பப்பாளி, பூசணி அதிகம் சாப்பிடுபவர்களுக்கு உள்ளங்கையும் மஞ்சளாகும். கண் வெள்ளையாகவே இருக்கும். அப்புறம், 'காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்பது பழமொழி மட்டுமே. நோயாளிக்குத் தன் கண் மஞ்சளானது பெரும்பாலும் தெரியாது. காப்பி கொடுக்க வந்த அம்மாவோ பக்கத்து வீட்டுக்காரரோதான் கண்டுபிடிக்கிறார்கள். நோயாளிக்கு முதலில் தெரிவது சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போவது.

மார்புல சிவப்பா, எட்டுக்கால் பூச்சி மாதிரி புள்ளி இருக்கு. அது என்ன?

நாங்கள் அதை ஸ்பைடர் நீவஸ் என்போம். நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சின்ன ரத்தக் குழாய், அதிலிருந்து சுற்றிலும் மெல்லிய கால்கள். முகம், கழுத்து, மேல் மார்பு, கைகளில் வரும். இடுப்புக்குக் கீழே பார்ப்பது அபூர்வம். மூடிய பேனா முனையால் நடுப்புள்ளியை அழுத்தினால் கால்கள் வெளுத்துவிடும். எடுத்ததும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ரத்தம் ஓடி நிரம்பும். முதல் முறை பார்க்கும் மாணவர்கள் அசந்துபோவார்கள்.

கறுத்த தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. நான் ஒரு கண்ணாடி ஸ்லைடை வைத்து அழுத்தி, விட்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்ப்பேன். அவசரமாகப் பார்த்தால் 'ஸ்பைடர் இல்லை' என்று எழுதிவிடுவோம். ஒன்றிரண்டு இருந்தால் ஆரோக்கியமானவருக்கும் இருக்கலாம், குழந்தைகளுக்கும் இருக்கும். ஐந்து, பத்து என்று இருந்தால், புதிதாக வந்துகொண்டே இருந்தால், கல்லீரலைப் பார்த்தே ஆக வேண்டும்.

கையைத் திருப்பித் திருப்பிப் பாக்குறீங்களே, கையில என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. உள்ளங்கையில் கட்டைவிரல் மேடும் சுண்டுவிரல் மேடும் சிவந்து நடுப்பகுதி மட்டும் வெளுத்திருந்தால், அதுவும் ஸ்பைடர் போன்ற ஒரு குறி. நகம் கிட்டத்தட்ட முழுவதும் பால் வெள்ளையாகி நுனியில் மட்டும் சிவப்புப் பட்டை நின்றால், நாள்பட்ட கல்லீரல் நோயாக இருக்கலாம். விரல் நுனி முரசடிக்கும் குச்சியின் முனை மாதிரி தடித்திருக்கிறதா என்றும் பார்ப்போம்.

ஒரு வேண்டுகோள். பரிசோதனைக்கு வரும் வாரம் மருதாணியும் நகப்பூச்சும் வேண்டாம். கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்த ஒரு பெண்ணின் கை முழுக்க மருதாணி. உள்ளங்கையில் எனக்கு எதுவுமே படிக்கத் தெரியவில்லை.

இந்த அறிகுறி எல்லாம் குடிக்கிறவங்களுக்கு வர்றதுன்னு நெட்ல போட்டிருக்கே? எங்க அம்மா குடிச்சதே இல்லை.

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நேரம் எடுத்துக்கொள்வேன். ஸ்பைடரும் உள்ளங்கைச் சிவப்பும் மதுவின் முத்திரைகள் இல்லை. கல்லீரல் கெட்டு உடம்பில் ஹார்மோன் நிலை மாறும்போது ரத்தக் குழாய்கள் விரிகின்றன. காரணம் மது, வைரஸ், ஆட்டோஇம்யூன் எதுவாக இருந்தாலும் தோலில் தெரிவது ஒன்றுதான். மதுவோடு சற்று அதிகம் ஒட்டி வருபவை வேறு: காதுக்கு முன்னால் கன்னச் சுரப்பி வீங்குவது, உள்ளங்கையில் தசைநார் தடித்து மோதிர விரலை மடக்கி இழுப்பது. அவையும் முழு நிரூபணம் ஆகாது.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. கிராமத்தில் வேறொரு இடத்தில் அவரைப் பார்த்தவர், பையன் முன்னாலேயே, 'குடிப்பீங்களா?' என்று மூன்று முறை கேட்டாராம். அதற்குப் பிறகு எட்டு மாதம் எந்த மருத்துவரிடமும் அவர் போகவில்லை. என்னிடம் வரும்போது வயிற்றில் நீர் கோத்திருந்தது. ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ். மது பற்றிக் கேட்கத்தான் வேண்டும், எல்லோரிடமும் கேட்கிறோம். ஒரு முறை, தனியாக, மரியாதையாகக் கேட்டு, சொன்ன பதிலை நம்ப வேண்டும். ஹவுஸ் சர்ஜன்களுக்கு நான் சொல்லித்தருவதில் இதை ஸ்டெதாஸ்கோப் பிடிப்பதைவிட முக்கியமாக நினைக்கிறேன்.

ரெண்டு வருஷமா அரிப்பு. தோல்ல எதுவும் இல்லை. இதுக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்?

பி.பி.சி.யில் அரிப்புதான் பலருக்கு முதல் தொந்தரவு. உள்ளங்கை, உள்ளங்காலில் அதிகம், ராத்திரியில் அதிகம், கம்பளி பட்டாலும் சூட்டிலும் இன்னும் அதிகம். தடிப்போ கொப்புளமோ முதலில் இருக்காது. நாங்கள் பார்ப்பதெல்லாம் சொறிந்ததால் வந்த கோடுகள், அதனால் தடித்துக் கறுத்த தோல். அரிப்பின் கடுமைக்கும் கல்லீரல் கெட்ட அளவுக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. துளிக்கூடக் காமாலை இல்லாதவர் தூங்க முடியாமல் அழுவார்.

ஒருவரை முதுகைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். தோள்கள், இடுப்பு, விலா எல்லாம் கறுத்து நகக் கீறலாக இருந்தது. இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில், கை எட்டாத இடத்தில் மட்டும், பழைய நிறத்திலேயே சுத்தமான தோல். சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி மாதிரி. இது பாடத்தில் வரும் குறி. தோலில் பிறந்த நோயாக இருந்தால் எட்டும் இடம், எட்டாத இடம் என்று பார்த்து வராது. ஆனால் அந்த இடம் இல்லை என்பதை வைத்துத் தள்ளிவிடாதீர்கள். இன்னொரு அம்மாவுக்கு முதுகு முழுக்கக் கீறல். விசாரித்தால், மகள் தினமும் ராத்திரி மரச்சீப்பால் சொறிந்துவிடுகிறாள்!

கண் இமையில மஞ்சளா கொழுப்பு மாதிரி தெரியுதே, அதுவும் இதுதானா?

கண்ணின் உள்மூலைப் பக்கம் இமையில் வரும் தட்டையான மஞ்சள் திட்டு ஜாந்தலாஸ்மா. பித்தம் சரியாக வடியாதபோது ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறுவதால் பி.பி.சி.யில் வருகிறது. ஆனால் நம் ஊரில் கல்லீரல் நன்றாக இருக்கும் பலருக்கும் இது உண்டு. தனியாக இருந்தால் கொலஸ்ட்ராலைப் பாருங்கள். கூடவே அரிப்பும் இருந்தால் கல்லீரலையும் பாருங்கள். உள்ளங்கை ரேகைகளில், முழங்கையில் அதே மாதிரி மஞ்சள் படிவு இருந்தால் எனக்குச் சந்தேகம் பலமாகும்.

மருத்துவ வரலாற்றில் இந்த நோய் உள்ளே வந்ததே தோல் வழியாகத்தான். 1851இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் தாமஸ் அடிசனும் வில்லியம் கல்லும் தோலில் மஞ்சள் படிவும் காமாலையும் சேர்ந்தவர்களைப் பற்றி எழுதினார்கள். அவர்களிடம் ஏ.எம்.ஏ. பரிசோதனையா இருந்தது? கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார்கள்.

கல்லீரல் கைக்குத் தட்டுப்படுதுன்னு எழுதியிருக்காங்க. வீங்கியிருக்குன்னு அர்த்தமா?

அவசியமில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது கல்லீரல் கீழே இறங்கும். ஒல்லியானவர்களுக்கு ஓரம் இயல்பாகவே விரலில் தட்டும். நுரையீரல் உப்பியவர்களுக்கு அது கீழே தள்ளப்பட்டிருக்கும். அதனால் மேல் எல்லையைத் தட்டிப் பார்த்து மொத்த நீளத்தை அளக்கிறோம். காரை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே விழும் கோட்டில் 12 செ.மீ. வரை சாதாரணம்.

நீளத்தைவிட தன்மை எனக்கு முக்கியம். ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் திடீரென்று கிளம்பும்போது கல்லீரல் பெரிதாக, மென்மையாக, அழுத்தினால் வலியோடு இருக்கும். சிரோசிஸில் ஓரம் கெட்டியாக இருக்கும். வலது பக்கம் சுருங்கிப்போய், நெஞ்சுக்குழிக்குக் கீழே இடது பகுதி மட்டும் தட்டுப்படலாம். 'கல்லீரல் தட்டுப்படவில்லை' என்பது சில நேரம் நல்ல செய்தி அல்ல.

மேடம், மண்ணீரல் எனக்கு மட்டும் எட்டவே மாட்டேங்குது. நான் என்ன தப்பு பண்றேன்?

பெரும்பாலும் மேலே தொடங்கிவிடுகிறீர்கள். மண்ணீரல் பெருத்தால் இடது விலாவுக்கு அடியிலிருந்து தொப்புளைத் தாண்டி வலது இடுப்பு நோக்கி வளரும். கையை அதன் மேலேயே வைத்துவிட்டால் ஓரம் விரலுக்குத் தெரியாது. வலது அடிவயிற்றில் தொடங்குங்கள், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு விரல்கடை மேலே போங்கள். கிடைக்கவில்லையா, நோயாளியை வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மறுபடி பாருங்கள். கை சூடாக இருக்கட்டும்.

இரண்டு மூன்று மடங்கு பெருத்தால்தான் மண்ணீரல் கைக்கு வரும். வந்தால், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். பி.பி.சி.யில் சிரோசிஸ் வருவதற்கு முன்னாலேயே இந்த அழுத்தம் ஏறலாம் என்பதை மறக்க வேண்டாம்.

வயிறு பெருசாயிட்டே போகுது. தண்ணியா, கொழுப்பா எப்படித் தெரியும்?

மல்லாந்து படுத்தால் நீர் இரண்டு விலாப்பக்கமும் இறங்கிப் பிதுங்கும், தொப்புள் வெளியே தள்ளும். நடுவிலிருந்து பக்கமாகத் தட்டிக்கொண்டே போனால் ஒலி மாறும் இடம் ஒன்று வரும். குடத்தில் நீர் மட்டத்தைத் தட்டிப் பார்ப்பது மாதிரிதான். அங்கே விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னால், மந்தமாக இருந்த இடம் கணீரென்று கேட்கும். நீர் இடம் மாறிவிட்டது. கொழுப்பு இடம் மாறாது.

சுமார் ஒன்றரை லிட்டர் சேர்ந்தால்தான் இது தெரியும். அல்ட்ராசவுண்ட் 100 மி.லி.யைக்கூடக் காட்டும். அப்புறம் எதற்குத் தட்டுகிறீர்கள் என்று கேட்பீர்கள். ஸ்கேன் எல்லா வாரமும் எடுப்பதில்லை. எடை பார்ப்பதும், கணுக்காலை அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பதும், வயிற்றைத் தட்டுவதும் ஒவ்வொரு தடவையும் முடியும்.

கையை நீட்டி நிறுத்தச் சொல்றீங்க. எதுக்கு?

இரண்டு கையையும் முன்னால் நீட்டி, பஸ்ஸை நிறுத்துவது போல மணிக்கட்டை மேலே தூக்கி, விரல்களை விரித்து அரை நிமிடம் வைக்கச் சொல்வோம். கல்லீரல் வடிகட்ட வேண்டியவை மூளைக்குப் போனால், கை அவ்வப்போது சட்டென்று தொங்கிவிட்டு உடனே எழும். பறவை சிறகடிப்பது மாதிரி. இது தொடர்ச்சியான நடுக்கம் இல்லை, பிடிப்பு நொடிக்கு நொடி விட்டுப்போவது. சிறுநீரகம் செயலிழந்தாலும் ரத்தத்தில் கரியமில வாயு கூடினாலும் இதே மாதிரி வரும். கை சரியாக நின்றாலும், பகலில் தூங்கி ராத்திரி முழித்திருக்கிறாரா, கையெழுத்து மாறிவிட்டதா என்று வீட்டாரைக் கேட்போம்.

கல்லீரலுக்கு வந்தா கழுத்தைத் தடவுறீங்க, காலைத் தட்டுறீங்க. ஏன்?

எதிர்ப்பு சக்தி ஒரு இடத்தில் தவறினால் இன்னொரு இடத்திலும் தவறியிருக்கலாம். கழுத்தில் தைராய்டு வீக்கம், குதிகால் தசைநாரைத் தட்டினால் கால் மெதுவாகத் திரும்புவது (தைராய்டு குறைவின் அடையாளம்), தோலில் வெண்புள்ளி, விரல் மூட்டு வீக்கம் எல்லாம் அதற்காகத்தான். பி.பி.சி.யில் கண் வறட்சி, வாய் வறட்சி மிகச் சாதாரணம். தண்ணீர் இல்லாமல் பிஸ்கட் சாப்பிட முடியுமா என்று கேட்பேன்.

விரல் தோல் இறுகி, உதட்டிலும் முகத்திலும் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் கவனம் தேவை. அவை ஸ்பைடர் அல்ல, கால்கள் இருக்காது. தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மா பி.பி.சி.யோடு சேர்ந்து வரும்போது இப்படித் தெரியும்.

கர்ப்பமா இருக்கேன். ஸ்பைடரும் வந்திருக்கு, கையும் சிவந்திருக்கு. பயப்படணுமா?

இவை இரண்டும் கர்ப்ப காலத்தில் சாதாரணமாகவே வரும், பிரசவத்துக்குப் பிறகு மறையும். ஆனால் அரிப்பு இருந்தால் சொல்லுங்கள். கர்ப்பத்தில் தொடங்கிய அரிப்பு பிரசவத்துக்குப் பிறகும் நின்றுபோகாமல் இருந்து, பின்னால் பி.பி.சி. என்று தெரிய வந்தவர்கள் உண்டு.

ஏற்கெனவே ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் இருப்பவர்களுக்குக் குழந்தை பிறந்த பிறகான மாதங்கள்தான் அதிகக் கவனம் வேண்டிய காலம். நோய் அப்போது திரும்பக் கிளம்பலாம். குழந்தையைக் கவனிப்பதில் தன் ரத்தப் பரிசோதனையை மறந்துவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் ஞாபகப்படுத்துங்கள்.

மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து முகம் உப்புது. நோய் முத்திருச்சா?

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும்போது முகம் வட்டமாகும், கழுத்துக்குப் பின்னால் சதை சேரும், பரு வரும், வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் வரும். அது மருந்தின் வேலை, அளவு குறையும்போது குறையும். கணுக்காலில் குழி விழுகிறது, வயிறு மேலே சொன்னபடி ஏறுகிறது என்றால் மட்டும் கல்லீரலைச் சந்தேகிக்கிறோம்.

கண்ணாடியைப் பார்த்துவிட்டு மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள், குறிப்பாகக் கல்லூரிப் பெண்கள். திடீரென்று நிறுத்தினால் உடம்பின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பு ஈடு கொடுக்காது, நோயும் திரும்பும். முகம் உறுத்துகிறது என்று எங்களிடம் சொல்லுங்கள். அது அற்ப விஷயம் என்று நான் நினைப்பதில்லை. மாற்று வழி பேசலாம்.

எல்லாக் குறியும் இருக்கு, ஆட்டோஇம்யூன்னே எழுதிடலாமா மேடம்?

வேண்டாம். இரண்டாவது கேள்வியில் சொன்னதுதான், குறிகள் கட்டத்தைச் சொல்கின்றன, பெயரைச் சொல்வதில்லை. இளம் வயதினருக்கு, உடம்பில் செம்பு சேரும் வில்சன் நோய் இதே வேஷத்தில் வரும். கருவிழி ஓரத்தில் பழுப்புப் பச்சை வளையம் இருக்கிறதா என்று கண் மருத்துவரின் ஸ்லிட் லேம்ப்பில் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் ஒரு சிக்கல்: பித்தம் நீண்டநாள் தேங்கினால் அபூர்வமாக அந்த வளையம் வில்சன் இல்லாமலும் வரும்.

மருந்து வரலாறும் கேளுங்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்காகச் சீந்தில் கொடி சாப்பிட்ட சிலருக்கு ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் போன்ற கல்லீரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். 'இங்கிலீஷ் மருந்து ஏதாவது?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். 'கஷாயம், பொடி, லேகியம், சூப்?' என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

எப்போ அப்பாயின்ட்மென்ட் பாக்காம உடனே வரணும்?

ரத்த வாந்தி. தார் போன்ற கறுப்பு மலம். பேச்சில் குழப்பம், எழுப்பினாலும் சரியாக விழிக்காதது. வயிற்றில் நீர் இருப்பவருக்குக் காய்ச்சலோ வயிற்று வலியோ. பி.எஸ்.சி. இருப்பவருக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் காமாலையும். இவற்றுக்கு ராத்திரி, ஞாயிறு பார்க்கக் கூடாது.

டெஸ்ட் எல்லாம் நார்மல் ஆயிடுச்சு. மார்புல இருக்கிற ஸ்பைடர் மட்டும் போகலையே?

மருந்து கேட்கும்போது முதலில் சிறுநீர் தெளியும், பிறகு கண் வெளுக்கும், பசி திரும்பும். ஸ்பைடர்கள் மெதுவாகத்தான் மங்கும். சில நிரந்தரமாகத் தங்கிவிடும். பெருத்த மண்ணீரலும் அப்படித்தான். அவை இருப்பதால் நோய் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமில்லை, அதை என்சைம்களும் ஐ.ஜி.ஜி.யும்தான் சொல்லும்.

நான் ஸ்பைடர்களை எண்ணி, மார்பின் படம் வரைந்து, இடத்தைக் குறித்து வைப்பேன். அடுத்த தடவை அதே எண்ணிக்கை என்றால் சரி. குறியில்லாத இடத்தில் புதிதாக ஒன்று இருந்தால், அன்றைக்கே ரத்தம் எடுக்க எழுதிக்கொடுப்பேன்.